ஐந்தாம் மாடியில் ஒட்டிய பொட்டு

ஜூலை 3, வியாழன்

விலங்கியல் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். முன் பக்கங்களில் கரப்பான்பூச்சியின் வாய் உறுப்புகள் இருக்கின்றன. அம்மாவுக்குக் கரப்பானைப் படத்தில் பார்த்தாலும் உடம்பு கூசும், இந்த நோட்டைத் தொட மாட்டாள். அவள் தூங்கிவிட்டாள். நான் அடுப்பு மேடைக்குக் கீழே உட்கார்ந்து செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

இன்று மாலை எங்கள் பிளாக்கின் கீழ்த்தள ஹாலுக்கு இந்துமதி அக்கா வந்தார். ஏதோ ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. பெண் பிள்ளைகள் மட்டும் வட்டமாக உட்கார்ந்தோம்.

"ஆராய்ச்சின்னா நான் கேள்வி கேட்டு, நீங்க பதில் சொல்லி, நான் எடுத்துட்டுப் போய் புத்தகம் போடறது இல்ல. கேள்வியே நீங்கதான் போடணும். பதிலும் நீங்கதான் தேடணும். கெடச்சத வெச்சு என்ன செய்யறதுன்னும் நீங்களே முடிவு பண்ணணும்" என்றார்.

"அப்போ நீங்க எதுக்குக்கா?" என்று ரோஸ்லின் கேட்டாள். ரோஸ்லின் என் வகுப்பு. மூன்றாம் மாடி. யாரிடமும் எதையும் கேட்டுவிடுவாள்.

"பிஸ்கட் வாங்கித் தர" என்றார் அக்கா.

எல்லோரும் சிரித்தோம். பிறகு கேள்வி எது என்று பேச்சு வந்தது. எங்கள் பிளாக்கில் எங்கெங்கே பயமாக இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கலாம் என்றாள் ரோஸ்லின். நான் உடனே கையைத் தூக்கி, தண்ணீர் ஏன் உப்பாக இருக்கிறது என்று பார்க்கலாமே என்றேன். ஓட்டுப் போட்டோம். தண்ணீருக்கு என் கை மட்டும்தான் உயர்ந்திருந்தது.

ஜூலை 5, சனி

வரைபடம் போட பெரிய தாள் கிடைக்கவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் தயாளன் அங்கிள் தன் பிறந்தநாள் பேனரைக் கொடுத்தார். "பின்பக்கம் வெள்ளையா கீது, எழுதிக்கோங்க பாப்பா. நம்ம புள்ளைங்க படிச்சு முன்னேறணும்" என்றார். முன்பக்கத்தில் அவர் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். அதைத் தரையில் கவிழ்த்துப் போட்டு, பின்னால் மாடிமாடியாக வரைந்தோம். எட்டு மாடி, படிக்கட்டு, ஓடாத லிஃப்ட், மொட்டை மாடித் தொட்டி, பஸ் ஸ்டாப் வரைக்கும்.

தயாளன் அங்கிள் இல்லையென்றால் இந்த பிளாக்கில் ஒன்றும் நடக்காது. மோட்டார் போடுவது அவர். ரேஷன் கார்டு முகவரி மாற்றியது அவர். அம்மாவுக்கு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அந்த கான்டிராக்ட்டுக்கு ஆள் எடுப்பது அவர் மச்சான். அப்பா லோடு வண்டியோடு ஓசூர் பக்கம் போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. அம்மா சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

அக்கா கையோடு ஒரு பெட்டி பல்பு வாங்கி வந்திருந்தார். படிக்கட்டு பல்புகள் உண்மையிலேயே பியூஸ் ஆகின்றனவா, இல்லை யாராவது கழற்றுகிறார்களா என்று பார்க்க வேண்டுமாம். ரோஸ்லின் தன் சிவப்பு நெயில் பாலிஷால் ஒவ்வொரு பல்பின் அடியிலும் ஒரு புள்ளி வைத்தாள். "நம்ம புள்ளைங்க. தொலைஞ்சா அடையாளம் சொல்லணும்ல" என்றாள். எல்லா மாடித் திருப்பங்களிலும் மாட்டிவிட்டு வந்தோம்.

இன்று மாடி ஏறும்போது முழுக்க வெளிச்சமாக இருந்தது. செருப்பைக் கழற்றாமலே ஏறினேன்.

ஜூலை 6, ஞாயிறு

தப்பு செய்துவிட்டேன்.

பயப்படும் இடத்தில் சிவப்புப் பொட்டு, பயமில்லாத இடத்தில் நீலப் பொட்டு என்று நாங்கள்தான் முடிவு செய்தோம். கடையில் அட்டை அட்டையாக வாங்கினோம். யார் ஒட்டியது என்று தெரியக் கூடாது என்பதால் ஒவ்வொருவராக ஹாலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். ஒட்டியதை அப்புறம் யாரும் எடுக்கக் கூடாது என்றும் ஒரு விதி. அந்த விதியைச் சொன்னது நான். ஆராய்ச்சியில் நானும் ஏதாவது பேச வேண்டும் என்று அக்கா பார்த்தார், வாயில் வந்ததைச் சொன்னேன்.

என் முறை கடைசி. பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒன்று, தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று ஒட்டினேன். அட்டையில் சிவப்பு தீர்ந்துவிட்டது. வெளியே போய் இன்னும் வேண்டும் என்று கேட்டால் அத்தனை பேரும் என்னைப் பார்ப்பார்கள். வரைபடத்தில் ஐந்தாம் மாடித் திருப்பம் காலியாக இருந்தது. ஒருவர்கூட அங்கே ஒட்டவில்லை. ஐந்தாம் மாடிக்கு மேலே குடியிருக்கும் பிள்ளை இந்தக் குழுவில் நான் மட்டும்தான், அது காரணமாக இருக்கலாம். கொஞ்ச நேரம் நின்றேன். கை தானாக நெற்றிக்குப் போனது. ராத்திரி முகம் கழுவுமுன் கண்ணாடியில் ஒட்டுவதுபோல், என் நெற்றிப் பொட்டைப் பிய்த்து அங்கே ஒட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இப்போது அம்மா படுக்கப் போகும்போது தன் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினாள். கரும்பச்சை, மாங்காய் வடிவம், நடுவில் ஒரு வெள்ளைக் கல். மூர் மார்க்கெட் பக்கம் ஒரே ஒரு கடையில் அம்மா வாங்கி வருவாள். இந்த பிளாக்கில் அதை வைப்பது அம்மாவும் நானும் மட்டும்தான்.

பேனரைச் சுருட்டி சங்க ரூமில் வைத்திருக்கிறோம். சாவி தயாளன் அங்கிளிடம் இருக்கிறது.

ஜூலை 7, திங்கள்

பொட்டு வைக்காமல் பள்ளிக்குப் போனேன். "இன்னாடி நெத்தி காலியா கீது?" என்று அம்மா கேட்டாள். பரு வந்திருக்கிறது என்றேன்.

ஜூலை 9, புதன்

பல்பு சுற்று. நானும் ரோஸ்லினும் மாடிமாடியாகப் போய்ப் பார்த்தோம். எல்லாத் திருப்பத்திலும் எரிந்தது. ஐந்தாம் மாடியில் பல்பே இல்லை. ஹோல்டர் மட்டும் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"நேத்துதான மறுபடியும் மாட்னோம். இந்த மாடில மட்டும் பேய் கீது போல. பல்பு துன்ற பேய்" என்றாள் ரோஸ்லின். பிறகு என்னைப் பார்த்து, "நீ தெனம் இப்டித்தான் போற இல்ல? உனக்கு பயமா இல்லியா?" என்று கேட்டாள்.

பழகிவிட்டது என்றேன்.

உண்மையில் நான் செய்வது இதுதான். டியூஷன் முடிந்து வந்ததும் கீழே நிற்பேன். மேல் மாடிக்காரர்கள் யாராவது வந்தால் பின்னாலேயே ஏறிவிடுவேன். யாரும் வராவிட்டால் நான்காம் மாடியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வேன். சத்தம் கேட்காது.

அம்மாவின் மேல் இன்று கோபம் வந்தது. கம்பெனி வேன் அவளை இறக்கிவிட்டு எவ்வளவோ நேரம் ஆகியும் மேலே வரவில்லை. எட்டிப் பார்த்தால் கீழே ஏழாம் மாடி கஸ்தூரி அத்தைக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறாள். தினமும் இப்படித்தான். அத்தை இட்லிக் கடையைக் கட்டி வைத்துவிட்டு வந்த பிறகுதான் இரண்டு பேரும் சேர்ந்து ஏறுவார்கள். ஏறும்போது அம்மா வேண்டுமென்றே சத்தமாகப் பேசுவாள், ஐந்தாம் மாடியில் தொண்டையைச் செருமுவாள். வீட்டில் ஒரு பெண் பசியோடு காத்திருப்பாளே என்ற நினைப்பில்லை. அப்படி என்னதான் பேச்சோ.

ஜூலை 12, சனி

இந்துமதி அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு பொட்டை எடுக்க வேண்டும் என்று சொன்னேன். தப்பான இடத்தில் ஒட்டிவிட்டேன் என்றேன்.

அக்கா காரணம் கேட்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தார். "விதி நமக்காகத்தான் போட்டோம். எடுக்கணும்னா எடுத்துடலாம். ஒட்டியிருந்தாலும் தப்பில்ல, எடுத்தாலும் தப்பில்ல" என்றார். பிறகு, "என்கிட்ட வேற ஏதாவது சொல்லணுமா சங்கவி?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

சாவி கேட்கப் போனோம். தயாளன் அங்கிள் சாவியைக் கொடுப்பார், நாங்கள் திறந்து எடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவரே கூட வந்து கதவைத் திறந்தார். பேனரை அவரே விரித்துப் பிடித்தார். "பாக்கலாமா பாப்பா? என் மூஞ்சிக்குப் பின்னால இன்னாலாம் ஒட்டி வெச்சிருக்கீங்க?" என்று சிரித்தார்.

அவர் எதிரில் எப்படிப் பிய்ப்பது? அங்கே இங்கே பார்த்தேன். அப்போதுதான் அலமாரியின் அடித்தட்டில் ஒரு சிமென்ட் கோணி வாய் பிரிந்து கிடந்ததைக் கண்டேன். உள்ளே பல்புகள். மேலே கிடந்த ஒன்றில் சிவப்புப் புள்ளி இருந்தது.

"இன்னா சங்கவி, இன்னா தேடற?"

"ஒண்ணுமில்ல அங்கிள்" என்றேன். "ஸ்கேல் விட்டுட்டேன்னு நெனச்சேன்."

அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. வெளியே வந்ததும் "எடுக்கலியா?" என்று மெதுவாகக் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். பொட்டு அங்கேயே இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்த ரூமில் நான் பார்த்தேன் என்று தயாளன் அங்கிளுக்குத் தெரிந்துவிடும்.

ஜூலை 15, செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது.

இன்று டியூஷன் விட்டு வந்தபோது கீழே யாரும் இல்லை. நான்காம் மாடியில் செருப்பைக் கையில் எடுத்தேன். சத்தமே இல்லாமல்தான் ஏறினேன். ஐந்தாம் மாடித் திருப்பத்தில் இருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சங்கவிதான?"

"ஆமா அங்கிள்."

"செருப்ப ஏன் கைல வெச்சிக்கினு வர்ற? நீ சத்தம் போடாம வந்தாலும் எனக்குத் தெரியும்."

கைப்பிடியின் மேல் அவர் கை இருந்தது. நான் போக வேண்டுமானால் அந்தக் கைக்கு அடியில் குனிந்துதான் போக வேண்டும். எப்போதும் அப்படித்தான் வைத்திருப்பார். நான் அப்படியே நின்றேன்.

"ஒங்க மேப்ப ஒக்காந்து நல்லா பாத்தேன். அழகா கீது. எல்லாம் செவப்பு, நீலம். ஒரு எடத்துல மட்டும் பச்ச. அது இன்னா கணக்கு?"

எனக்குத் தெரியாது அங்கிள் என்றேன்.

"தெரியாதா. சரி. ஞாயித்துக்கெழம வீடு கட்டிக் குடுத்த வாரியத்து ஆபீசர் வர்றாரு. எல்லார் எதிர்லயும் தொங்க விடப்போறீங்களாமே. அப்ப தெரிஞ்சிடும்." கைப்பிடியில் விரலால் தட்டினார். "ஒங்கம்மாவ சூப்பர்வைசர் ஆக்கச் சொல்லி மச்சான்கிட்ட சொல்லிக்கினு இருக்கேன். ஒங்கம்மா நல்ல பொம்பள. வாயத் தொறக்காது. ஒனக்கும் அந்த கொணம் வரணும்."

மேலே யாரோ கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. கையை எடுத்தார். "பாத்துப் போ பாப்பா."

மற்ற நாட்களைப் பற்றி எழுதவில்லை. எழுதப் போவதில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆடி வெள்ளி. எதிர் பிளாக் அம்மன் கோயிலில் ஸ்பீக்கர் கட்டி அலறவிட்டார்கள். அம்மா சீக்கிரம் வந்துவிட்டாள். முகம் சரியில்லை.

சோறு போட்டுக்கொண்டே, "சூப்பர்வைசர் கூப்ட்டாரு. ஒம்பொண்ண படிப்ப மட்டும் பாக்கச் சொல்லு, ஊர் வம்புக்கு அனுப்பாதன்னாரு. இன்னாடி பண்ண நீ?" என்றாள்.

"ஒண்ணும் பண்ணல."

"அந்த மீட்டிங்குல நீ இன்னா பேசப்போற?"

"ஒண்ணும் பேச மாட்டேன்மா. ரோஸ்லின்தான் பேசுவா."

அம்மா ரசத்தை ஊற்றிவிட்டுக் கரண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியின் ஓரத்தில் எங்கள் பச்சைப் பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன, பசை போனவை, கல் விழுந்தவை. என் பக்கத்தில் இந்த வாரம் புதிதாக ஒன்றுமில்லை.

"அந்தப் பொட்டு வாணாமா ஒனக்கு?"

"பரு இருக்குமா."

"பருவெல்லாம் ஒண்ணும் தெரில" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் பாத்திரம் கழுவும்போது ஒரே சட்டியை வெகுநேரம் தேய்த்தாள்.

நாளை காய்ச்சல் என்று படுத்துவிடலாமா? ஞாயிறும் படுத்துவிட்டால் நான் போக வேண்டாம். ஆனால் நான் போகாவிட்டாலும் பொட்டு அங்கே இருக்குமே.

ஜூலை 19, சனி

காய்ச்சல் வரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

முழுவதையும் எழுதிவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.

காலையில் அம்மா குளித்துவிட்டு கண்ணாடி முன்னால் நின்றாள். புது அட்டையிலிருந்து பச்சைப் பொட்டு ஒன்றை எடுத்து நெற்றியில் வைத்து விரலால் அழுத்தினாள். எப்போதும் அழுத்துவதைவிட அதிக நேரம் அழுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்குகிறவள், இன்று போட்டிருந்த நைட்டியை மாற்றிப் புடவை கட்டினாள். "நானும் வர்றேன்" என்றாள்.

ஹாலில் கூட்டம். கோயிலில் கூழ் ஊற்றி முடித்துவிட்டுத் தூக்குவாளியோடு வந்திருந்தார்கள். வாரிய அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வரைபடத்தை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். பின்னால் வெயில் அடித்ததால் தயாளன் அங்கிளின் கும்பிட்ட உருவம் மங்கலாகத் தெரிந்தது. அதன் மேல் எங்கள் பொட்டுகள்.

ரோஸ்லின் நன்றாகப் பேசினாள். தொட்டிப் பக்கம் கதவு வேண்டும், பஸ் ஸ்டாப்பில் விளக்கு வேண்டும் என்றாள். எந்த இடத்தில் எத்தனை சிவப்பு என்று காட்டினாள். ஐந்தாம் மாடி வந்தபோது, "இங்க பல்பு நிக்க மாட்டேங்குது சார். எத்தன தடவ போட்டாலும் காணாமப் போவுது" என்றாள்.

தயாளன் அங்கிள் மைக்கை வாங்கிக்கொண்டார். "எவனோ களவாணிப் பையன் திருடறான் சார், நானும் கண்ணு வெச்சிக்கினுதான் இருக்கேன். மத்தபடி இதெல்லாம் சின்னப் புள்ளைங்க வெளையாட்டு. பாருங்களேன், இங்க ஒண்ணே ஒண்ணு. அதுவும் கல்லு வெச்ச பொட்டு. கல்யாணத்துக்குக் கெளம்பினவங்க வந்து ஒட்டியிருப்பாங்க போல."

சிலர் சிரித்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

"குமுதா, ஒன் பொட்டு மாதிரி கீதே?"

அம்மா தரையிலிருந்து எழுந்தாள். முழங்காலில் கையை ஊன்றி மெதுவாகத்தான் எழுந்தாள்.

"என்னுதுதாண்ணா" என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒன்னுதா? இது புள்ளைங்க ஒட்னதாச்சே. நீ இங்க வரவே இல்லியே, எப்ப ஒட்ன?"

"எப்ப ஒட்னா இன்னாண்ணா. பயந்தது நான்."

"அங்க இன்னாம்மா பயம் ஒனக்கு? நானே முக்காவாசி நாளு அங்க நின்னு காவல் காத்துக்கினு இருக்கேன்."

"அதான்ணா" என்றாள் அம்மா.

அவ்வளவுதான் சொன்னாள். ஹாலில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது, அதன் அம்மா அதைத் தட்டிக்கொடுப்பதைக்கூட நிறுத்திவிட்டாள். கஸ்தூரி அத்தை தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து, "எனக்கும் ஒண்ணு குடு ரோஸ்லின்" என்று கையை நீட்டினாள். அட்டையைக் கொடுப்பதற்குள் தன் நெற்றியிலிருந்த சாந்தைத் தொட்டுப் பார்த்து, அது ஒட்டாது என்று நினைத்தோ என்னவோ, ரோஸ்லினிடமிருந்து சிவப்பு வாங்கி அம்மாவின் பொட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். எட்டாம் மாடிப் பெண் ஒருவர் வந்து ஒட்டினார். பிறகு இன்னொருவர்.

அம்மாவின் பொட்டு என்று எழுதிவிட்டேன். அது என்னுடையது. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கே அது அவளுடையதாகத்தான் தெரிந்தது.

"ஆளாளுக்கு ஒட்டுனா ஆச்சா? இருட்டுன்னா யாருக்கும் பயம்தான். பல்ப எடுக்கற திருடன புடிச்சாதான் தீரும்" என்றார் அவர்.

நான் பேசுவேன் என்று நினைக்கவில்லை. எழுந்து நிற்கவும் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே சொன்னேன். "பல்பு சங்க ரூம்ல கீது. அலமாரிக்கு அடில, சிமென்ட் கோணில. நாங்க வெச்ச நெயில் பாலிஷ் இருக்கும்."

என் குரல் எலி கத்துவதுபோல் இருந்தது. அக்கா அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன்.

"அது பியூஸ் போனது. நான்தான் கழட்டி வெச்சேன்" என்றார் தயாளன் அங்கிள்.

"சாவிய குடுங்க" என்றார் அதிகாரி.

கோணியை அக்காவே தூக்கிக்கொண்டு வந்தார். ரோஸ்லின் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் நகத்தோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினாள். ஒரே சிவப்பு. பிறகு யாரும் யாரிடமும் கேட்காமல் பெண்கள் படி ஏற ஆரம்பித்தார்கள். நானும் ஏறினேன், செருப்போடு. ஐந்தாம் மாடியில் கஸ்தூரி அத்தை ஸ்டூல் போட்டு ஏறி பல்பை மாட்டினாள். அது எரிந்தது.

"பியூஸ் போன பல்பு நல்லாத்தான் எரியுது" என்றாள் அத்தை ஸ்டூலிலிருந்து.

அதிகாரி எழுதிக்கொண்டு போயிருக்கிறார். என்ன எழுதினார் என்று தெரியாது. தயாளன் அங்கிள் எங்களைத் தாண்டிப் போகும்போது நின்று, "நாளைக்கு வேலைக்கு வா குமுதா. பேசிக்கலாம்" என்றார். குரலில் கோபமே இல்லை.

எல்லோரும் போன பிறகு அந்தத் திருப்பத்தில் அம்மாவும் நானும் மட்டும் நின்றோம். அந்த இடத்தில் அவள் முகத்தை வெளிச்சத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"எவ்ளோ நாளா?" என்று அம்மா கேட்டாள்.

"ஒனக்கு?" என்று கேட்டேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். வழக்கமாக அங்கே தொண்டையைச் செருமுவாளே, இன்று செருமவில்லை.

இந்துமதி அக்கா போன் நம்பர் கொடுத்திருக்கிறார். நாளை சாயங்காலம் அம்மாவோடு எங்காவது போய்ப் பேச வேண்டுமாம், எப்போது கூப்பிட்டாலும் வருவாராம். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நம்பரை மட்டும் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். தன் கம்பெனி யூனிஃபார்மை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். வேன் நிறுத்தி ஏற்றிக்கொள்வார்களா என்று காலையில்தான் தெரியும்.

எனக்குப் பயம் போகவில்லை. கீழே எங்கோ ஒரு கதவு சாத்தினாலும் அவராக இருக்குமோ என்று நிமிர்கிறேன். இப்போதும் படியில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. ஏறினார்களா, இறங்கினார்களா என்று தெரியவில்லை. பல்பைக் கழற்றிவிட்டார்களா என்று பார்க்காமல் படுக்க முடியாது போலிருந்தது. நோட்டை வைத்துவிட்டுக் கதவைத் திறந்து, கைப்பிடியில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தேன்.

எரிந்துகொண்டிருந்தது.

பின்னால் மூச்சு கேட்டுத் திரும்பினேன். அம்மா நின்றிருந்தாள். அவள் தூங்கவே இல்லை. அவளும் அதைப் பார்க்கத்தான் எழுந்து வந்திருக்கிறாள்.